உங்களுக்குத் தெரியுமா? தஞ்சாவூர் ஏற்றி இறக்கிய லோடு!

தஞ்சாவூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, வீணை, கலைத்தட்டு. எனக்கு லோடுதான் ஞாபகம் வரும்! கப்பலில் போன லோடு, ரயிலில் வந்த லோடு, தலையில் சுமந்த லோடு. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. வரிசை கிரிசை எல்லாம் கிடையாது. கையில் கிடைத்ததை அப்படியே இறக்குகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

தஞ்சாவூரைச் சுற்றி ஒரு குன்றுகூடக் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். ஆனால் பெரிய கோயில் முழுக்க முழுக்கக் கருங்கல்! அவ்வளவு கல்லும் சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. மொத்தம் 1,30,000 டன் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சரக்கு ரயிலுக்கு 2,600 டன் என்று நான் வகுத்துப் பார்த்தேன். 50 ரயில்! ராஜராஜ சோழனிடம் ஒரு ரயில்கூட இல்லை. 1010-ல் கோயில் தயார்!

உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி இழுத்து ஏற்றினார்கள் என்று நம் பாட்டி காலம் முதல் கேட்டிருக்கிறோம். ஏறிப் பார்த்து ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. அது ஒரே கல் இல்லையாம், பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியதாம்! எனக்கு இதுதான் இன்னும் பெரிய அதிசயம். 216 அடி உயரத்தில் கல்லோடு கல் பொருத்திவிட்டு, ஆயிரம் வருஷம் யாருக்கும் இணைப்பே தெரியாமல் வைத்திருக்கிறார்கள்!

அந்தக் கோயிலுக்கு நெல் எங்கிருந்தெல்லாம் வந்தது தெரியுமா? கடல் தாண்டி! இலங்கையில் இருந்த ஊர்களே தஞ்சாவூர்க் கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் கொடுக்க வேண்டும் என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நெல் விளையும் ஊருக்கே இறக்குமதி!

வந்த நெல்லை அளந்த மரக்காலுக்கும் பேர் உண்டு. ஆடவல்லான்! ஆடுகிற நடராசர் பேரையே அளவைக்கு வைத்துவிட்டார்கள். கள்ளத்தனமாக அளக்க யாருக்குக் கை வரும்?

ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு! அல்லது 48 பசு! அல்லது 16 எருமை! தினம் ஒரு உழக்கு நெய் வந்து சேர வேண்டும். ஒரு விளக்குக்குத்தான் இந்தக் கணக்கு!

சாமி குளிக்கிற தண்ணீரில் போட ஏலக்காய், செண்பக மொட்டு, வெட்டிவேர். கூடவே கற்பூரம். கற்பூர மரம் காவிரிக் கரையில் ஏது? அந்தக் காலத்தில் கற்பூரத்துக்குப் பேர் போன இடம் சுமத்ரா தீவின் பாருஸ். போய்ப் பார்த்தால் அங்கே நம் ஆள் முன்னாடியே உட்கார்ந்திருக்கிறான்! பாருஸில் 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வெட்டி வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. மரக்கல நாயன், அதாவது கப்பல் தலைவன், வந்து இறங்கினால் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பொன்னாகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் விரித்த துணியில் கால் வைக்கலாம். கல்லில் வெட்டிய துறைமுகக் கட்டணம்!

இதைவிடப் பழசு வேண்டுமா? பூம்புகாருக்கு வாருங்கள். ஏற்றுமதி, இறக்குமதி மூட்டைகளில் சோழனின் புலி முத்திரை குத்திய பிறகுதான் சரக்கு நகரும் என்று பட்டினப்பாலை சொல்கிறது. சுங்க முத்திரை! ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னால்!

அதே பட்டினப்பாலையில் குதிரை கப்பலில் வருகிறது. மிளகு வண்டியில் வருகிறது. தெற்கிலிருந்து முத்து, கிழக்கிலிருந்து பவளம், ஈழத்திலிருந்து உணவு. கடல் வழி, தரை வழி இரண்டும் ஒரே தெருவில் வந்து முட்டுகின்றன!

பாட்டில் இருந்தால் நம்ப மாட்டீர்களா? பக்கத்துக் கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறை கிடைத்தது. படகு கட்டிய மரத்தூண்கள்கூட மிச்சம் இருந்தன. மரம்! இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் நின்ற மரம்! கிரேக்க மொழியில் புவியியல் எழுதிய தாலமி, கபேரிஸ் என்று ஒரு வணிகத் துறையைக் குறித்து வைத்திருக்கிறார். காவேரிதான்!

சோழ நாட்டிலிருந்து சீனாவுக்குப் போன தூதுக் குழு 1015-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. பயணம் எத்தனை நாள்? 1,150 நாள்! அதில் கடலில் ஓடியது வெறும் 247 நாள்தான். மிச்சமெல்லாம் காற்றுக்கும் துறைமுகத்துக்கும் காத்துக் கிடந்தது.

1077-ல் இன்னொரு குழு. 72 பேர். கண்ணாடிச் சாமான், கற்பூரம், பட்டு, காண்டாமிருகக் கொம்பு, தந்தம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பும்போது சீனப் பேரரசர் கொடுத்தது 81,800 சரம் செப்புக்காசு. ஒரு சரம் என்பது பேச்சுக்கு 1,000 காசு. பெருக்கிப் பாருங்கள். 8 கோடியே 18 லட்சம் காசு!

சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சிவன் கோயிலுக்கு எழுதியது. சரக்கு போன இடமெல்லாம் சாமியும் போயிருக்கிறார்!

இப்போது ஒரு 340 வருஷத்தைத் தாண்டிக் குதிக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த லோடு அங்கேதான் இருக்கிறது. தரங்கம்பாடி!

டென்மார்க்காரர்கள் மிளகு வாங்க 1620-ல் வந்து இறங்கினார்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அவர்களுடைய ராஜாவுக்குத் தங்க ஏட்டில் கடிதம் எழுதினார். காகிதத்தில் எழுதவில்லை, ஓலையில் எழுதவில்லை. தங்கம்! அந்த ஏடு இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

சரி, அந்த லோடு என்ன? அச்சு எந்திரம்! தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து கப்பலில் அனுப்பினார்கள். நேராக வந்துவிடுமா? தென் அமெரிக்காவில், ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள்! அச்சு எந்திரம் கப்பலின் அடியில் கிடந்ததால் தப்பியது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். எந்திரம் மட்டும் தனியாக 1712-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது!

அடுத்த வருஷம் தமிழ் எழுத்துகள் வந்தன. எங்கே வார்த்தவை? ஜெர்மனியின் ஹாலே நகரத்தில்! ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பெரிசு பெரிசாக இருந்தது. இந்த அளவில் அச்சடித்தால் காகிதம் எங்கே கட்டுப்படியாகும்? சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி வந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த ஈயத் தகடு! அதை உருக்கினார்கள். அதில் அ, ஆ, இ, ஈ வார்த்தார்கள். அடுத்த முறை ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு வெளிவந்தது, பாலாடைக்கட்டி உறை புண்ணியத்தில்!

அந்தத் தரங்கம்பாடியை 1845-ல் டென்மார்க்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து விலை 12.5 லட்ச ரூபாய்!

தஞ்சாவூர் சிவகங்கைக் குளம் பக்கத்துத் தேவாலயத்துக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. பாதிரியார் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில், பக்கத்தில் சரபோஜி மன்னர். செதுக்கியவர் லண்டனின் புகழ்பெற்ற சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். சிற்பத்துக்கே பேர் போன சோழ மண்ணுக்குக் கப்பலேறி வந்த சிற்பம்!

தஞ்சாவூர்க் கோட்டைப் பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கியின் நீளம் 26 அடி. எடை 22 டன். அதுவும் வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டியது. மேட்டு மேலே ஏற்றியிருக்கிறார்கள்!

கனம் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன்! அச்சும் சக்கரமும் இரும்பு. பிரேக் போட்டது திருச்சி பெல் நிறுவனம். ஆனால் இழுப்பது வடமும் கையும்தான்!

ரயிலுக்கு வருவோம். சென்னை ராயபுரத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1856-ல். தஞ்சாவூருக்கு ரயில் வந்தது எப்போது? 1861! வெறும் ஐந்து வருஷத்தில்! பாதை எங்கிருந்து தொடங்கியது? சென்னையிலிருந்து என்பீர்கள். தவறு! நாகப்பட்டினத்திலிருந்து! துறைமுகத்திலிருந்து நெல் வயலுக்கு வந்து, 1862-ல் திருச்சியைத் தொட்டது. மொத்தம் 125 கிலோமீட்டர்.

அந்தப் பாதை முதலில் அகலப் பாதை. பிறகு மீட்டர் பாதையாகச் சுருக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலப் பாதை! போன வழிக்கே திரும்பி வந்த ரயில்!

பொன்மலை ரயில்வே பணிமனை தெரியும். அது முதலில் இருந்த ஊர்? நாகப்பட்டினம்! 1928 வாக்கில்தான் பொன்மலைக்கு இடம் மாறியது.

இது என் பொக்கிஷம், கவனமாகக் கேளுங்கள். மாயவரம் முதல் முத்துப்பேட்டை வரை ஒரு ரயில் பாதை. 1894-ல் திறந்தது. சொந்தக்காரர் யார்? தஞ்சாவூர் ஜில்லா போர்டு! ரோடு போடுகிற, பள்ளிக்கூடம் நடத்துகிற ஜில்லா போர்டு ரயிலே போட்டுவிட்டது! பணத்துக்கு என்ன செய்தார்கள்? மிராசுதார்களிடம் நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்கு 3 தம்படி தனி வரி வசூலித்தார்கள். ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. அதில் மூன்று! அந்தச் சில்லறையில் சுமார் 54 மைல் தண்டவாளம்! அப்புறம் அறந்தாங்கி வரை நீட்டியும் விட்டார்கள். நெல் விற்ற காசில், நெல் ஏற்ற ரயில்!

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர். உப்பு ஏற்றியே பேர் வாங்கிய பாதை. நின்றுபோய், 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் ஓடியது. வேதாரண்யம் உப்பு என்றால் சும்மாவா? 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து அள்ளிய உப்பு!

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். இந்த வழியில் ஓடிய ரஜூலா கப்பலை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1926 முதல் 1973 வரை. 47 வருஷம்! நாகப்பட்டினத்தில் அப்போது பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழ்கடலில் நங்கூரம் போடும். ஆளும் மூட்டையும் படகில் போய் ஏற வேண்டும்!

இனி நம் கண் முன்னால் நடப்பது. அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர் ரயில் நிலையச் சரக்குக் கொட்டகைப் பக்கம் ஒரு நாள் காலையில் போய் நில்லுங்கள். கொள்முதல் நிலையத்திலிருந்தும் கிடங்கிலிருந்தும் வந்த லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தார்ப்பாயை உருவுவார்கள். நெல் வாசனை குப்பென்று வரும். தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டியவர், குனிந்த மாதிரியே லாரியடியில் வந்து நிற்பார். மேலே இருக்கும் இரண்டு பேர் சிப்பத்தைச் சரித்து அவர் தலையில் வைப்பார்கள். 40 கிலோ! ஓட்டமும் நடையுமாக வேகனுக்குள் போவார். அட்டியில் சரியாக விழுகிற மாதிரி ஒரு உதறு. திரும்பி வருவார். காலடியில் சிந்திய நெல்லைப் பொறுக்கப் புறா இறங்கும்.

42 வேகன். 2,000 டன் நெல். அதாவது 50,000 சிப்பம்! ஒவ்வொன்றும் ஒரு மனிதர் தலைமேல் ஏறித்தான் வேகனுக்குள் போகிறது. கிரேன் கிடையாது. 50,000 தடவை குனிந்து நிமிர்ந்தால்தான் ரயில் கிளம்பும்!

இங்கே ஒரு கேள்வி வரும். அதே 42 வேகனில் அரிசி ஏற்றினால் சுமார் 2,600 டன் பிடிக்கும். நெல் மட்டும் ஏன் 2,000? உமி! கனம் கம்மி, இடம் ஜாஸ்தி. எடை முட்டுவதற்கு முன்னால் வேகன் கூரை முட்டிவிடுகிறது!

100 கிலோ நெல்லை அரைத்தால் 68 கிலோ புழுங்கல் அரிசி தேறும். அப்படியானால் ஒரு ரயிலுக்கு 1,360 டன் அரிசி. மாதம் 20 கிலோ வாங்கும் ரேஷன் கார்டு என்று வைத்துக்கொண்டால், 68,000 குடும்பத்துக்கு ஒரு மாதச் சோறு! ஒரே ரயில்!

மிச்சம் 640 டன்? உமியும் தவிடும் டிக்கெட் இல்லாமல் கூடவே பயணம் செய்கின்றன!

நெல் போன தண்டவாளத்திலேயே யூரியா வருகிறது. உரம் வந்து நெல்லாகி, நெல் ரயிலேறி, காலி வேகன் மறுபடி உரத்துக்கு நிற்கிறது!

நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம்! அப்புறம்தான் ரெண்டு, மூணு. 12 மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் வீட்டுக்கு அளக்கிற களத்தில் இந்த லாபம் இன்னும் கேட்கிறது. எனக்கு அதைக் கேட்டால் மனசு நிறைந்துவிடும்!

அறுவடை முடிந்த வயலுக்கு லாரியில் என்ன வந்து இறங்கும் தெரியுமா? வாத்து! ஆயிரக்கணக்கில்! தாளடியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்ந்துவிட்டு அடுத்த ஊருக்கு லாரியேறும். ராமநாதபுரத்து ஆடுகளோ லாரி கேட்பதில்லை. மேய்ப்பரான கீதாரி பின்னால் நடந்தே வந்து வயலில் கிடை அமரும். தானே நடந்து வந்து இறங்கும் உரம்!

வைக்கோல் லாரி முன்னால் போனால் பின்னால் போகிற உங்களுக்கு ரோடே தெரியாது. அது நாமக்கல், திண்டுக்கல் என்று போய் மாட்டுக்குத் தீவனமாகும். சோறு ஒரு திசையில், வைக்கோல் இன்னொரு திசையில்!

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஆளுயரம் இருக்கும். அதை எப்படி அனுப்புகிறார்கள்? கழற்றி! அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சிப் பிரபை. நான்கும் மரை போட்டுத் திருகியவை. திருகிக் கழற்றினால் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். வாங்கிப் போகிறவர் வீட்டில் திருகி நிறுத்திக்கொள்கிறார். பிரித்து அனுப்புகிற மேசை, அலமாரியெல்லாம் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நம் விளக்கு அதைச் செய்துவிட்டது!

ஆனால் எல்லாவற்றையும் கழற்ற முடியாதே! 2023-ல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுத்திய நடராசர் 27 அடி, 18 டன். செய்த ஊர் நம் சுவாமிமலை! காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்க்கும் சோழர் காலத்து முறையில் செய்தது. சுவாமிமலையிலிருந்து டெல்லிக்குச் சாலை வழியாகவே போனார், வழியெங்கும் போக்குவரத்தை ஒதுக்கிவிட்டு. கும்பகோணம் ரோட்டில் கிளம்பிய நடராசர் தலைநகரில் போய் இறங்கினார்!

சொல்லாமல் கொள்ளாமல் போன நடராசர்களும் உண்டு. நெஞ்சு பதைக்கிறது. கொள்ளிடத்துக்கு வடகரை ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. இப்படிப்பட்ட சிலைகளையெல்லாம் வெறும் கைவினைப் பொருள் என்று காகிதத்தில் எழுதித்தான் கப்பலேற்றினார்கள். 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார்!

பத்தூர் நடராசர் லண்டனில் பிடிபட்டார். வழக்கில் சிலையைத் திருப்பிக் கேட்டு நின்றது யார்? கோயில்! இங்கிலாந்து நீதிமன்றம் பத்தூர்க் கோயிலையே ஒரு வாதியாக ஏற்றுக்கொண்டது. 1991-ல் நடராசர் ஜெயித்துத் திரும்பினார்!

கடைசியாக ஓர் உலக லோடு. கன்டெய்னர் கப்பல் யுகத்தைத் தொடங்கி வைத்த பயணம் 1956 ஏப்ரல் 26. அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல். எத்தனை பெட்டி? 58! இன்று ஒரே கப்பலில் 20,000 பெட்டிக்கு மேல். 2021-ல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்த எவர் கிவன் கப்பலின் நீளம் 400 மீட்டர். நம் பெரிய கோயில் விமானத்தைப் படுக்க வைத்தால் ஆறு கோயில் அடங்கும்!

இன்னும் கை நிறைய இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் செய்யுங்கள். தை, மாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் வண்டியை அணைத்துவிட்டு வேகன்களை எண்ணுங்கள். நெல் ரயில் என்றால் எண்ணிக்கை 42-ல் நிற்கும். 50,000 சிப்பம்! முதல் வேகனுக்கு ஒன்று என்று சொல்லாதீர்கள். லாபம் என்று தொடங்குங்கள்!